செவ்வாய்க்கிழமைச் சபை

போதகரின் கடிதத்தை மூன்றாம் தடவை வாசித்தபோதும் பேச்சிப்பாறை என்ற சொல் அதே இடத்தில்தான் இருந்தது.

‘மயிலாடிக்குக் கிழக்கே, பழைய கல்வெட்டாங்குழிக் கரையில் நிற்கும் அயனி மரத்தடியில், செவ்வாய்க்கிழமை தோறும் யாரோ புது மார்க்கத்தார் கூடுவதாகக் கேள்வி. உமது சபைக்கு ஒன்றரை மைல் தூரத்தில் நடப்பது உமக்குத் தெரியாமல் போனது வியப்பு. தலைவன் யார், கொள்கை என்ன, தொகை எத்தனை என்று விசாரித்து எழுதவும். கிறிஸ்துமஸுக்கு முன் கூட்டத்தைக் கலைக்கவும். கூடாத பட்சத்தில், பேச்சிப்பாறை ஊழியத்துக்கு உம்மைப்போல் அனுபவசாலி ஒருவர் தேவைப்படுகிறார்.’

உபதேசியார் ஞானையன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கொல்லம் ஆயிரத்து நூற்றேழாம் ஆண்டு அது. இந்தச் சின்னச் சபைக்கு அவர் வந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. கிணற்றில் நல்ல தண்ணீர், கொல்லையில் இரண்டு பலா, ஞாயிற்றுக்கிழமை தூங்காமல் பிரசங்கம் கேட்கிற பத்துப் பன்னிரண்டு பேர். இதற்கு மேல் ஒரு உபதேசியாருக்கு என்ன வேண்டும்? பேச்சிப்பாறையிலோ மலைக்காய்ச்சலும் அட்டையும்தான் சபையார். போன வருடம் அங்கே போன உபதேசியார் திரும்பி வந்தபோது அவருடைய மனைவியே யாரென்று கேட்டாளாம்.

"என்னவாம் போதகருக்கு?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள் நேசபாய்.

"புது மார்க்கமாம். நம்ம அயனி மரத்து மூட்டுல."

"அது எப்பம் நம்ம மரமாச்சு?"

 ஞானையனுக்கு அந்த மரத்தின்மேல் ஒரு பாத்தியதை இருந்தது உண்மை. பல வருடமாகச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் தனியே போய் உட்கார்ந்து பிரசங்கம் தயாரிக்கிற இடம் அது. புகையிலைக்கு விரோதமாக அவர் செய்த பிரசங்கம் மூன்று சபைகளில் பேசப்பட்டதே, அது பிறந்ததும் அங்கேதான். ஆவணி மாதத்தில் யார் யாரோ அங்கே வந்து உட்காரத் தொடங்கினார்கள். தூரத்தில் நின்று தலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அதிலிருந்து பிரசங்கம் ஓடவில்லை.  சோற்றில் உப்பு இருந்தாலும் கோபம் வந்தது, இல்லாவிட்டாலும் கோபம் வந்தது.

போதாக்குறைக்கு வீட்டிலும் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அடுக்களை மேல்தட்டில் இருந்த நேசபாயின் சீரக டப்பாவைக் காணவில்லை. ரோஜாப்பூ போட்ட தகர டப்பா, கல்யாணத்துக்கு மிஷன் அம்மாள் கொடுத்தது. அடுத்த வீட்டு ராகேல் புளி கேட்டு வந்த அன்றுதான் காணாமல் போயிற்று என்பது நேசபாயின் கணக்கு.

"எனக்கு உங்க மேல்தட்டு எட்டுமா அக்கா? நான் நிக்கதே நாலடி" என்று ராகேல் அழுதாள்.

"முக்காலி போட்டு ஏறியிருப்பா" என்றாள் நேசபாய்.

மூன்று மாதமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. சமாதானத்தைப் பற்றி வருடத்துக்கு நாலு பிரசங்கம் செய்கிற ஞானையன் இந்த விஷயத்தில் மட்டும் தலையைக் குனிந்து கஞ்சி குடித்தார்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவர் புறப்பட்டார். ஓடையைத் தாண்டியதும், யாருக்கும் முகம் தெரியக்கூடாது என்று தோளில் கிடந்த துவர்த்தைத் தலையில் போட்டு முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டார். மரத்தடியில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் துவர்த்தால் முக்காடு போட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முக்காடு இங்கே முறை போலும் என்று ஞானையன் மனதில் குறித்துக்கொண்டு, கடைசியில் போய் உட்கார்ந்தார்.

யாரும் பேசவில்லை. மரத்துப் பொந்தில் சிவப்புத் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. அதன் முன்னால் ஒரு சட்டியில் கங்கு. நாலு பேரில் ஒருத்தி பெண். அவள் எழுந்து கங்கின்மேல் ஏதோ காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டாள். புகை எழும்பியது. எல்லோரும் மூக்கை இழுத்தார்கள். ஞானையனும் இழுத்தார், நன்றாகவே இழுத்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவர் மனசு லேசாயிற்று. இது சாத்தானின் சோதனை என்று அவருக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

பிறகு எல்லோரும் எழுந்து, இடப்பக்கம் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள். ஓடைத் தண்ணீரில் மூன்று தரம் வாய் கொப்பளித்தார்கள். ஆளுக்கொரு கொய்யா இலையை மென்றபடி, ஒன்றும் பேசாமல் வெவ்வேறு வழியாகப் போனார்கள். எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது ஞானையனுக்கு. அஞ்ஞானச் சடங்குகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, அதையும் எழுதிப் போதகருக்கு அனுப்பினார்.

போதகர் சத்தியநேசன் மறு தபாலில் பதில் எழுதினார். ‘கொப்பளிப்பதெல்லாம் இருக்கட்டும். தலைவன் யார்?’ கூடவே, கள்ள மார்க்கத்தைக் கண்டுபிடிக்க ஐந்து அடையாளங்களைத் தம் கைப்பட எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று நிரப்பச் சொல்லியிருந்தார். ஞானையன் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மனைவிக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"ஒண்ணாவது, தலைவன் சொன்னா மறுபேச்சு இருக்காது."

"நம்ம போதகர்ட்ட மறுபேச்சு பேசினது யாரு? நீங்க ஒரு காயிதத்துக்கு இந்தப் பாடு படுதிய" என்றாள் நேசபாய். முறத்தில் பயறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது, இதைத் தின்னாதே, அதை உடுக்காதேன்னு சட்டம் வைப்பாவ."

"எனக்க அம்மைக்க காதுல கிடந்த பாம்படத்தைக் கழட்டி வச்ச பொறவுதான சபையில சேத்தாவ."

"நீ சும்மா இரி. மூணாவது, விட்டுட்டுப் போனவனைச் சேத்துக்க மாட்டாவ."

"மரியஜான் வேற சபைக்குப் போனாம்லா. அவன் செத்தப்பம் நம்ம கல்லறைத் தோட்டத்துல இடமில்லன்னு சொன்னது ஆரு? நீங்கதான?"

ஞானையன் குரலைத் தாழ்த்தினார். "நாலாவது, உலகம் முடியப் போவுதுன்னு பயம் காட்டுவாவ."

"போன ஞாயித்துக்கிழமை நீங்க பிரசங்கத்துல சொன்னது என்னவாக்கும்? பேபிக்க பிள்ளை பயந்து காய்ச்சல்ல கிடக்கு."

"அஞ்சாவது, புதுசா இருக்கும்."

நேசபாய் முறத்தைத் தட்டினாள். "அது மட்டும் நமக்கு இல்ல. அதைத் தைரியமா எழுதுங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை ஞானையன் தலைவனைக் கண்டுபிடித்துவிடுவது என்று போனார். புகை அடங்குகிற வரை பொறுத்திருந்தார். அதில் அவருக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"இங்க தலைவர் ஆரு?"

மூன்று முக்காடுகள் ஒன்றையொன்று பார்த்தன. அந்தப் பெண்தான் பேசினாள். பூங்கனி, மாட்டுக்குப் புல் அறுத்து விற்கிறவள்.

"அவரு இன்னும் வரல்ல."

"எப்பம் வருவாரு?"

"வருவாரு. முந்தி வந்தவருதான. நான் எனக்க கண்ணால கண்டேன். இதே மரத்து மூட்டுல, வெள்ளை உடுத்து, துவர்த்தால தலையை மூடி, மேக்கே பாத்து இருந்தாரு. முகத்துல இருந்து புகையா வந்து மேல போச்சு. அப்படி ஒரு அமைதி. பொறவு எழும்பி அங்கயும் இங்கயும் பாத்து, ஓடையில மூணு தரம் வாய் கொப்பளிச்சு, ஒரு கொய்யா எலையை மென்னாரு. நான் அரிவாளைக் கீழ வச்சேன், சத்தம் கேட்டு ஆளு மறைஞ்சுட்டாரு. இதை மட்டும் விட்டுட்டுப் போனாரு." அவள் சிவப்புத் துணியைக் காட்டினாள். "நான் தொறந்து பாக்கல்ல. கும்பிட்டு, துணியில பொதிஞ்சு வச்சிருக்கேன். அவரு செஞ்ச மாதிரி செஞ்சிட்டு இருந்தா அவரு திரும்ப வருவாரு."

ஞானையன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். திரும்பி வரப்போகிற தலைவன், பின்னால் விட்டுப்போன பொருள், புகை. ஒரு மார்க்கத்துக்கு வேண்டியது எல்லாமே இருந்தது.

திரும்பும் வழியில் ஓடைக்கு இப்பால் இன்னொரு முக்காடும் அவரோடு வந்து சேர்ந்தது. துணியை எடுத்ததும் கருப்பட்டி வியாபாரி நாராயணபெருமாள் என்று தெரிந்தது. அய்யாவழிக்காரர், அவர்கள் கும்பிடக் கூடும் தாங்கலில் பெரிய மனிதர்.

"உபதேசியார் இங்கின எங்க?" என்றார் அவர்.

"சும்மா. நீங்க?"

"நானும் சும்மாதான்."

கொஞ்ச தூரம் இரண்டு பேரும் சும்மாவே நடந்தார்கள்.

"இதெல்லாம் புதுசா முளைச்ச கூட்டம். நிலைக்காது" என்றார் ஞானையன்.

நாராயணபெருமாள் சிரித்தார். "எங்க பாட்டன் காலத்துல எங்களையும் இதைத்தான் சொன்னாவ. உங்க பாட்டன் வேதத்துல சேந்தப்பமும் இதைத்தான் சொல்லியிருப்பாவ. நிலைச்சாச்சுன்னா அப்புறம் ஆருக்கும் ஞாபகம் இருக்காது பாத்தேளா."

ஞானையன் இதைப் போதகருக்கு எழுதவில்லை. மற்றதை எழுதினார். வரப்போகிறவர் ஒருவருக்காக இவர்கள் காத்திருக்கிறார்கள் என்று வாசித்ததும் போதகருக்குத் தலை சுற்றியது. ‘கள்ளக் கிறிஸ்து! உடனே கலைக்கவும்’ என்று தந்தியைப்போல் ஒரு கார்டு வந்தது.

கலைப்பதற்கு ஞானையன் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார். காத்திருக்கிறவர்களிடம், வருகிறவர் வரமாட்டார் என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை எழுந்து நின்று அழுத்தமாகவே சொன்னார்.

"கேட்டுக்கிடுங்க. அவரு வரமாட்டாரு."

பூங்கனி நெஞ்சில் கை வைத்தாள். "உங்களுக்கு ஆரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்று சொன்னால் பேச்சு எடுபடாது என்று தோன்றியது. "எனக்குத் தெரியும்" என்றார் ஞானையன்.

"அப்பம் நீங்க அவரைக் கண்டிருக்கியளா?"

"கண்டதும் காணாததும் போட்டும். அவரு இனி இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டாரு. அவ்வளவுதான்."

ஒரு வாரத்துக்குள் செய்தி அஞ்சுகிராமம் வரை போய்விட்டது. அவரை நேரில் கண்ட ஒருவர் வந்திருக்கிறார், அவர் கோபமாக இருக்கிறாராம், யாரோ என்னவோ தப்புச் செய்துவிட்டார்களாம். அடுத்த செவ்வாய்க்கிழமை மரத்தடியில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். ஞானையன் வந்ததும் இருபத்து மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். பத்தொன்பது வருடத்தில் சொந்தச் சபையில் அவருக்கு இது நடந்ததில்லை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கத்தோடு சொல்ல வேண்டியதாயினும் அதுதான் உண்மை.

"உட்காருங்க" என்றார். உட்கார்ந்தார்கள். புகைக்குத் தொண்டை கமறி அவர் இருமினார். மரியாதைக்கு அவர்களும் இருமினார்கள். அதற்கடுத்த வாரம் இருமலும் முறையில் சேர்ந்துவிட்டது.

தொகை இருபத்து மூன்று என்று எழுதியதற்குப் போதகரிடமிருந்து கடிதம் வரவில்லை. போதகரே வந்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு, வில்வண்டியில்.

"கலைக்கச் சொன்னேன் உபதேசியாரே, பெருக்கச் சொல்லவில்லை" என்றார் இறங்கும்போதே.

"ஐயா, கை மீறிப் போச்சு."

"நான் பார்த்துக்கொள்கிறேன். கலைந்தால் நீர் இங்கே இருப்பீர். கலையாவிட்டால் புது வருஷ ஆராதனை பேச்சிப்பாறையில். ஏறும் வண்டியில்."

நேசபாயும் ஏறிக்கொண்டாள். பேச்சிப்பாறைக்குப் போகிறதாக இருந்தால் எதற்காகப் போகிறோம் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றாள். அது நியாயம்தான் என்று போதகரும் சொன்னார். வண்டியில் போகும்போது ஞானையன் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே வந்தார். கிணறு, பலாமரம், பத்துப் பன்னிரண்டு நல்ல காதுகள் என்று ஒவ்வொன்றாக அவருக்கு முன்னால் வந்து போயின.

மரத்தடியில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. போதகர் நேராக நடுவில் போய் நின்று, சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"துணியை எடுங்கள் எல்லோரும். இந்தப் புது மார்க்கத்தார் பெயர்களை எழுதித் தாசில்தாருக்கும் சபைச் சங்கத்துக்கும் அனுப்பப் போகிறேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லலாம்."

முன்வரிசை முக்காடு ஒன்று சட்டென்று விலகியது. கருவாட்டு வியாபாரி கபிரியேல். "என் பேரை எழுதாதிங்க. நான் கத்தோலிக்கன். எங்க பங்குச் சாமியார் பாத்துட்டு வான்னு அனுப்பினதுல வந்தேன்" என்று மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் கொப்பளிப்பது வரை எல்லாம் எழுதியிருந்தது.

"நானும் பாக்க வந்தவன்தான்" என்று எழுந்தான் இசக்கி. "முத்தாரம்மன் கோவில் முக்கியஸ்தர்மாரு அனுப்பினாவ. கொடை விழாவுக்கு வாற ஆளு இங்க போவுதான்னு பாக்கணும்னு."

நாராயணபெருமாள் துணியை எடுத்துத் தோளில் போட்டார். "தாங்கல்ல இருந்து நானாக்கும். சும்மா வந்தேன்னு சொன்னனே, அது இதுதான்."

அப்புறம் மளமளவென்று முக்காடுகள் விலகின. வேறு இரண்டு சபைகள், ஒரு பஜனை மடம், அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு போலீஸ்காரர். எல்லோரும் பார்க்க வந்தவர்கள். பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, அவர் செய்ததை இவரும் இவர் செய்ததை அவரும் செய்து, நாலு மாதமாக ஒரு மார்க்கத்தை நடத்தி வந்திருக்கிறார்கள்.

ஞானையனுக்குச் சுமை இறங்கியதுபோல் இருந்தது. கலைந்துவிட்டது. பேச்சிப்பாறை போயிற்று. சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அப்படியானால் உண்மையாக நம்பி வந்தது யார்?" என்று கேட்டார் போதகர்.

பூங்கனி மட்டும் எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. இத்தனை பேரில் தனக்குத் துணை ஒருவரும் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான்தான். எழுதிக்கிடுங்க. பேரு பூங்கனி. நான் கண்டது கண்டதுதான்."

அவளைப் பார்க்க ஞானையனுக்குப் பாவமாக இருந்தது. போதகருக்கும் அப்படி இருந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார். "அம்மா, நீ யாரையோ கண்டிருக்கலாம். அவன் மனுஷன். அந்தத் துணியை எடு. திறந்து பார்த்தால் உனக்கே புரியும்."

"ஐயா, அது எதுக்கு?" என்றார் ஞானையன். அவருக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. "அவளுக்க மனசு நோவும்."

"நோகட்டும். சத்தியம் நோகத்தான் செய்யும்."

பூங்கனி பொந்திலிருந்து பொதியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். போதகர் சிவப்புத் துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு சின்ன டப்பா. மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். பாதி பிடித்து அணைத்த சுருட்டு ஒன்று. முழுச் சுருட்டு இரண்டு. ஒரு தீப்பெட்டி. காய்ந்து சுருண்ட நாலைந்து கொய்யா இலை.

மரத்துக்கு மேல் காக்கை ஒன்று கத்திவிட்டுப் போயிற்று. பூங்கனி சுருட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பார்த்தாயா?" என்றார் போதகர் அவளிடம். "வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து, ஒளிந்திருந்து சுருட்டுப் பிடித்த எவனோ ஒரு கள்ளன். இவன்தான் உன் தலைவன். இவன் யாரென்று அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்."

டப்பாவை மூடி அவர் திருப்பியபோது, மூடியின்மேல் இருந்த ரோஜாப்பூ வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேசபாய் முன்னால் வந்தாள். டப்பாவைக் கையில் வாங்கினாள், முகர்ந்து பார்த்தாள், அடியைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் புருஷன் முகத்தைப் பார்க்காமல், போதகரைப் பார்த்துச் சொன்னாள்.

"போதகரையா, இது எனக்க சீரக டப்பா. எங்க வீட்டு மேல்தட்டுக்குக் கை எட்டுதது ரெண்டே ரெண்டு பேருக்குத்தான். நான் இந்த மரத்து மூட்டுக்கு இன்னைக்குத்தான் வாறேன்."